கடைத் திறப்பு அழைப்பிதழுக்கு என்ன நிறம்?

ஒரு புடவைக்கடைத் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் செய்தேன். முழுக் கறுப்பு, நடுவில் பொன்னிற எழுத்து. கறுப்பும் பொன்னும் சேர்ந்தால் உயர்ந்த பொருள் என்ற எண்ணம் வரும் என்று படித்திருந்தேன். திரையில் அழகாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் அதைக் கையில் வாங்கிய அம்மா ஒருவர் கேட்டார்: "இது ஆற்றை அந்தியேட்டி, தம்பி?"

அவர் கேட்டதில் பிழையில்லை. யாழ்ப்பாணத்தில் கறுப்பு என்றால் மரண அறிவித்தல், மதிலில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கான அழைப்பு. காலம் முழுக்க அந்த நிறத்தை எங்கே பார்த்தாரோ, அதையே அவர் மனம் எடுத்துக்கொண்டது. அட்டை முழுவதையும் அரக்கு நிறத்தில் திரும்ப அடித்தோம். செலவு என்னுடையது.

"சிவப்பு பசியைத் தூண்டும், நீலம் நம்பிக்கை தரும்" என்ற பட்டியலை போனில் காட்டி டிசைன் கேட்பவர்கள் பலர். நான் முதலில் கேட்பது, பக்கத்துக் கடைப் பலகைகள் என்ன நிறம் என்பதுதான். ஒரே மாதிரியானவற்றுக்கு நடுவே வேறுபட்டு நிற்பதுதான் நினைவில் தங்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் வான் ரெஸ்டோர்ஃப் 1933இலேயே எழுதிவிட்டார். கஸ்தூரியார் வீதியில் அக்கம்பக்கம் நான்கும் சிவப்பு என்றால், ஐந்தாவது சிவப்பு கண்ணில் படாது.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இனிப்புப் பானம் ஒன்றுக்குப் பச்சை லேபல் கேட்டு ஒருவர் வந்தார். "பச்சை போட்டால் உடம்புக்கு நல்லது என்று சனம் வாங்கும்" என்றார். நான் செய்து கொடுக்கவில்லை. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டதற்குச் செம்மஞ்சள். பிள்ளைக்கு வாங்கும்போது லேபலின் பச்சையை விட்டுவிட்டு அந்தச் சின்ன அடையாளத்தைப் பாருங்கள்.

வெளியில் மாட்டும் பலகை என்றால் வெயிலும் கணக்கில் வர வேண்டும். அச்சு மையில் மஞ்சளும் மஜென்டா என்ற ஊதா கலந்த சிவப்பும்தான் முதலில் வெளிறும். பழைய பதாகைகள் நீலம் பாரித்து நிற்பது அதனால்தான்.

சரி, அச்சுக்குப் போகுமுன் ஒரே ஒரு பிரதி எடுங்கள். எழுத்தை மறைத்து வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் கொடுத்து, இது என்ன விசேஷத்துக்கு என்று கேட்டுப் பாருங்கள்.