பாதி வழியில் நின்றுவிடும் வான்கோழிச் சேவல்

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில் காட்டு வான்கோழிச் சேவலின் வேட்டைப் பருவம் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. விடியலுக்குச் சற்று முன், அடைந்திருக்கும் மரக்கிளையிலிருந்தே சேவல் கூவும். பெட்டைகள் அதைத் தேடிப் போகும். வேட்டைக்காரரோ பெட்டை போலக் குரல் கொடுத்துச் சேவலை வரச் சொல்கிறார். முறை தலைகீழ். அதனால்தான் அது அறுபது எழுபது கஜத்தில் நின்று வாலை விரித்துக் காத்திருக்கிறது. குரல் வந்த இடம் தெரிகிறது, பெட்டையைக் காணோம் என்றால் மேலே ஓரடி வைக்காது.

இங்கேதான் மலை கைகொடுக்கும். சேவல் முகட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தால் மட்டுமே குரல் வந்த இடம் அதற்குத் தெரியவேண்டும். அப்போது அது 30, 35 கஜத்துக்குள், சுடும் தூரத்துக்கு வந்திருக்கவேண்டும். மரம் ஏற்றிய பழைய வண்டித்தடத்தின் வளைவும் இதற்கு உதவும். சேவல் நிற்கும் மட்டத்திலோ அதற்கு மேலோ உட்காருவது நல்லது. மேடேறி வரும் சேவல், சரிவிறங்கத் தயங்கும். காதை மட்டும் நம்பக்கூடாது. கிளையில் மறுபக்கம் திரும்பிக் கூவினால் அடுத்த மலையில் இருப்பதுபோல் கேட்கும். மே மாதத்தில் இலை தழைத்ததும் ஒலி இன்னும் அமுங்கும். தூரம் என்று எண்ணி நெருங்கினால் பறவை பறந்துவிடும்.

குரல் கொடுக்கும் கருவிகளில் எளியது மரப்பெட்டி. மூடியின் அடியில் சாக்கட்டி தேய்த்து, மெல்லிய பக்கச்சுவரின் விளிம்பில் இழுக்கவேண்டும். உராய்வு மூடியைப் பிடித்துப் பிடித்து விட, சுவர் அதிர்கிறது. வயலின் வில்லும் நரம்பும் செய்வது இதையேதான். கீச்சென்று தொடங்கிக் கரகரப்பாக இறங்கினால் பெட்டையின் ஒரு கூவல். ஐந்தாறு சேர்ந்தால் ஓர் அழைப்பு. எண்ணெய்ப்பசை உள்ள சாக்கட்டி வழுக்கிவிடும். மழையில் நனைந்தால் பெட்டி ஊமைதான்.

வான்கோழிக்கு மோப்பம் சொற்பம், பார்வை அபாரம். இமையசைவுகூடத் தப்பாது என்றால் மிகை அதிகமில்லை. தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் உருவமும் மறையும், முதுகுக்கும் காப்பு. சிவப்பு, வெள்ளை, நீலத் துணி ஒரு துண்டுகூட வேண்டாம்: சேவலின் தலை நிறங்கள் அவை, இன்னொரு வேட்டைக்காரர் உங்களையே குறிவைக்கலாம். அதே காரணத்தால், கேட்கும் கூவலை நோக்கிப் பதுங்கிப் போவதும் ஆபத்து.

உடம்பில் சுட்டால் இறகும் மார்புத்தசையும் துப்பாக்கி ரவைகளைத் தாங்கிக்கொள்ள, பறவை காயத்தோடு தப்பிவிடும். குறி தலையும் கழுத்தும்தான். வால் விரித்திருக்கையில் கழுத்து உள்ளிழுக்கப்பட்டிருக்கும். 'க்ளக்' என்று ஒரே ஒரு ஒலி கொடுத்தால் தலையை நீட்டும், சுடவேண்டியது அப்போதுதான்.