கடற்பனியில் பாசி: பச்சையத்தின் அளவு உற்பத்தியின் அளவு ஆகாது

வடகனடாவின் ரெசலூட் அருகே மே மாதத்தில் கடற்பனியை, அதாவது உறைந்த கடல்நீரை, துளைத்து உருளையாக எடுத்தால், அடியில் சில சென்டிமீட்டர் மட்டும் பழுப்பாக இருக்கும். நிட்ஸ்கியா ஃப்ரிஜிடா போன்ற டயாட்டம் பாசிகள் (சிலிக்கா ஓடுள்ள ஒருசெல் பாசிகள்) குவியும் இடம் அது. நைட்ரேட், சிலிகேட் ஆகிய ஊட்டச்சத்துகள் அவற்றுக்குக் கீழேயுள்ள கடல்நீரிலிருந்துதான் கிடைக்கின்றன.

பனி மாதிரிகளோடு வேலை செய்கிறவன் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 'பாசி உற்பத்தி குறைந்துவிட்டது' என்று படித்தால், அளந்தது எதை என்று கேளுங்கள். பெரும்பாலும் குளோரோபில்லை, அதாவது பச்சையத்தைத்தான் அளந்திருப்பார்கள். அது அன்றைக்குப் பனியில் இருந்த பாசியைக் காட்டும். எவ்வளவு வேகமாக வளர்ந்தது, எவ்வளவு உதிர்ந்துபோனது என்பதைக் காட்டாது. 2012 கோடையில் போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பலில் ஆர்க்டிக் கடலுக்குச் சென்றவர்கள், பனியிலிருந்து உதிர்ந்த மெலோசிரா ஆர்க்டிகா பாசியை 4000 மீட்டருக்கும் கீழே கடல்தரையில் கண்டார்கள். மேலே பனியை மட்டும் துளைத்துப் பார்த்தால் அந்த விளைச்சல் கணக்கில் வராது. இன்னொரு சிக்கலும் உண்டு: வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒவ்வொரு செல்லும் கூடுதல் பச்சையம் சேர்த்துக்கொள்ளும். பச்சையம் கூடினால் பாசி கூடிவிட்டதாகச் சொல்ல முடியாது.

எடுத்த பனி மாதிரியை உருக்கும் விதமும் முக்கியம். பனியை அப்படியே உருகவிட்டால் உப்புத்தன்மை சட்டென்று இறங்கி, மென்மையான செல்கள் வெடித்துவிடும். ஓடு இல்லாத, சாட்டை போன்ற இழையால் நீந்தும் கசையிழைப் பாசிகளுக்குத்தான் அதிக சேதம். அதனால் வடிகட்டிய கடல்நீர் சேர்த்து, இருட்டில் மெதுவாக உருக்குவது நல்லது. சேர்த்த நீரின் அளவைக் கணக்கில் கழிக்க வேண்டும்.

பாசி வளரும் வேகத்தை அளக்க, டேனிஷ் அறிவியலாளர் ஸ்டீமன் நீல்சன் 1952-இல் வெளியிட்ட கார்பன்-14 முறை இன்றும் உதவுகிறது; கதிரியக்கக் கார்பனைச் சேர்த்து, பாசி அதில் எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பது அது. ஆனால் உருகிய நீர் குப்பிக்குள் போனபின் பனிக்குள் பாசி வாழும் நுண்ணிய உவர்நீர்க் கால்வாய்களும் இல்லை, செல்லுக்குச் செல் மாறும் வெளிச்சமும் இல்லை. பனிக்கு அடியிலேயே ஆக்சிஜன் நுண்மின்முனைகளை (ஆக்சிஜனை அளக்கும் மிகச் சிறிய உணரிகளை) வைத்து அளப்பது இயற்கைக்கு நெருக்கமானது. அதுவும் ஒரு சிறு புள்ளியைப் பற்றித்தான் பேசும்.

சில மீட்டர் நகர்ந்தாலே பாசியின் அளவு பல மடங்கு மாறுவதுண்டு. காரணம் கடற்பனியின் மேலே கிடந்து வெளிச்சத்தை மறைக்கும் பொழிபனி. வசந்தத்தின் தொடக்கத்தில் அது மெல்லிதாக உள்ள இடத்தில் பாசி அதிகம். பருவம் முற்றினால் அதே இடத்தில் பனியின் அடி முதலில் உருகி, பாசி உதிர்ந்துவிடும். பொழிபனியின் தடிமனும் எடுத்த தேதியும் குறிக்காமல் வரும் உருளையை வைத்து எந்த ஒப்பீடும் செய்ய நான் சம்மதிப்பதில்லை.