பெயர் போடாத அச்சகமும் மூக்கு உடைந்த எழுத்தும்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "380 வருஷத்துக்கு முன்னால் லண்டனில் திருட்டுத்தனமாக அச்சடித்த பிரசுரத்தை இன்னார்தான் அச்சடித்தார் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்களாமே, எப்படி? கார்பன் டேட்டிங்கா?"

இல்லை. காகிதம் எந்தக் காலத்தது என்று கார்பன் ஓரளவு சொல்லும். அச்சடித்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுத்தது ஈயம்.

அவர் சொல்வது ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 'அரியோபஜிட்டிகா'. 1644 நவம்பரில் வந்த, நாற்பது பக்கச் சொச்சப் பிரசுரம். அச்சைக் கட்டுக்குள் வைத்திருந்த அரசரின் ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்தை 1641-ல் நாடாளுமன்றம் ஒழித்துக்கட்டியதும் லண்டனில் மத, அரசியல் பிரசுரங்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பின. ஜார்ஜ் தாமசன் என்ற புத்தக வியாபாரி அடுத்த இருபது வருஷத்தில் சேர்த்து வைத்தவை மட்டும் சுமார் 22,000. இன்றைக்கு அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நாடாளுமன்றத்துக்கே இது தாங்கவில்லை. முன் அனுமதி வாங்காமல் எதையும் அச்சிடக் கூடாது என்று 1643 ஜூனில் ஆணை போட்டது. அந்த ஆணையை எதிர்த்து, அனுமதி வாங்காமலே மில்டன் வெளியிட்டதுதான் இது. முதல் பக்கத்தில் ஜான் மில்டன் என்று முழுப் பெயர் இருக்கிறது, அச்சகத்தின் பெயர் இல்லை.

பயம்தான் காரணம். மீறுபவர்களின் அச்சு இயந்திரத்தையே தேடிப் பிடித்துக் கைப்பற்ற அந்த ஆணையில் இடம் இருந்தது. எழுதியவருக்கு இன்னொரு பேனா கிடைத்துவிடும். அச்சடிப்பவருக்கு இயந்திரம் போனால் பிழைப்பே போச்சு. (எழுதியவர்களும் சும்மா தப்பவில்லை. வில்லியம் பிரின்னுக்கு 1634-ல் காதை அறுத்தார்கள். மிச்சமிருந்ததை 1637-ல் அறுத்து, கன்னத்தில் சூடும் போட்டார்கள்.)

இனி ஈயத்துக்கு வருவோம். 1589-ல் மார்ட்டின் மார்ப்ரிலேட் என்ற புனைபெயரில் பிஷப்புகளைக் கிண்டலடித்துப் பிரசுரங்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை அச்சிட்ட ரகசிய அச்சகம் வண்டியில் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தது. வாரிங்டன் ஊரில் வண்டியிலிருந்து சாமான் இறக்கும்போது கொஞ்சம் ஈய அச்செழுத்துகள் தெருவில் கொட்டிவிட்டன. வேடிக்கை பார்த்தவர்களிடம் அச்சுக்காரர் ஹாட்ஜ்கின்ஸ், "துப்பாக்கி ரவை" என்று சொல்லிச் சமாளித்தார். பார்ப்பதற்கும் அப்படித்தான் இருந்திருக்கும், சின்னச் சின்ன ஈயத் துண்டுகள். கொஞ்ச நாளில் மான்செஸ்டர் பக்கம் பிடிபட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

எழுத்து எப்படிப் பிறக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகுக் கம்பியின் முனையில் எழுத்தைச் செதுக்கிச் செம்பில் அடித்தால் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை அச்சுக்கூட்டில் பொருத்தி, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் எழுத்து ரெடி. ஈயம் மட்டும் என்றால் நகம் பட்டாலே கீறல் விழும். அதனால் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலப்பார்கள். ஆண்டிமனி கடினத்தைக் கொடுக்கும், ஆறும்போது அதிகம் சுருங்காமலும் பார்த்துக்கொள்ளும். ஒரே பள்ளத்திலிருந்து பிறக்கும் ஆயிரம் 'எம்' எழுத்துகளும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான். எவ்வளவு கலந்தாலும் ஈயம் ஈயம்தானே? பிழை திருத்தும்போது ஊசியால் ஓர் எழுத்தை நெம்புவார்கள், கை வழுக்கினால் பக்கத்து எழுத்தின் கால் மழுங்கும். மை ஒற்றும் தோல் பந்து சில நேரம் எழுத்தையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அது பாரத்தின் (எழுத்துகளைக் கோத்து இறுக்கிய சட்டம்) மேல் விழுந்து கிடப்பதைப் பார்க்காமல் அடுத்த இழுப்பு இழுத்தால் அதுவும் நசுங்கும், அடியில் இருப்பதும் நசுங்கும். தரையில் விழுந்து மூக்கு உடைந்ததையும் தூக்கிப் போட மாட்டார்கள், எழுத்து விலை அப்படி. அச்சு முடிந்ததும் பாரத்தைப் பிரித்து, மூக்கு உடைந்ததையும் சேர்த்து எழுத்துப் பெட்டியின் அறைகளில் போடுவார்கள். நாளைக்கு வேறு புத்தகத்துக்கு அதே 'எம்' கைக்கு வரும். எங்கள் ஊர் அச்சகத்தில் ஒரு 'ண'வுக்குச் சுழி பாதிதான் இருந்தது. கல்யாணப் பத்திரிகையைப் பிரித்ததுமே எங்கே அடித்தது என்று சொல்லிவிடுவோம்.

விஷயம் அவ்வளவுதான். பெயர் போடாத பிரசுரத்தில் உடைந்த எழுத்துகளைப் பொறுக்கி எடு. பெயர் போட்ட புத்தகங்களில் அதே உடைசலைத் தேடு.

கேட்க எளிது, ஏமாறுவதும் எளிது. உடைசலா, மை சரியாக ஒட்டாத இடமா என்று எப்படித் தெரியும்? அதே பதிப்பின் இன்னொரு பிரதியை எடுத்து அதே இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கேயும் இருந்தால் உடைசல், இல்லாவிட்டால் மை. இரண்டு 'எம்'முக்கு ஒரே மாதிரி மூக்கு உடைந்திருந்தால்? இதற்கு ஓர் அருமையான சோதனை இருக்கிறது. ஒரு தாளை எடுத்து இரண்டு தடவை மடித்துப் பக்க எண் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் 1, 4, 5, 8 இருக்கும், மறுபக்கம் 2, 3, 6, 7. அந்தக் காலப் பிரசுரம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். 1, 4, 5, 8 நான்கும் ஒரே பாரமாக, ஒரே நேரத்தில் இயந்திரத்தில் ஏறும். ஒரே ஈயத் துண்டு ஒன்றாம் பக்கத்திலும் நான்காம் பக்கத்திலும் எப்படி இருக்க முடியும்? 'அதே எழுத்து' என்று நீங்கள் கண்டுபிடித்தது இப்படி ஒரே பாரத்தில் இரண்டு இடத்தில் வந்துவிட்டால், உங்கள் கண் உங்களை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். தன்னைத் தானே பொய்யாக்கிக்கொள்ள வழி வைத்திருக்கும் முறையைத்தானே அறிவியல் என்கிறோம்?

காலக்கணக்கும் கிடைக்கும். உடைந்த மூக்கு வளராது. ஒரு புத்தகத்தில் முழுசாகவும் இன்னொன்றில் உடைந்தும் இருந்தால் முழுசு முந்தியது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் சார்ல்டன் ஹின்மன். 1623-ல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் பிரதிகளை வாஷிங்டனின் ஃபோல்ஜர் நூலகத்தில் ஒப்பிட, கண்ணாடிகளும் விளக்குகளும் வைத்து ஒரு கருவி செய்தார். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும், விளக்குகள் மாறி மாறி எரியும். ஒன்றாக இருப்பவை அசையாமல் நிற்கும், மாறியிருப்பது மட்டும் துள்ளும். 1930-ல் புளூட்டோவைக் கண்டுபிடித்ததும் இதே தந்திரத்தில்தான், அங்கே துள்ளியது ஒரு புள்ளி. 1963-ல் ஹின்மன் முடிவுகளை வெளியிட்டபோது, பக்கங்கள் 1, 2, 3 என்ற வரிசையில் கோக்கப்படவில்லை, பாரம் பாரமாகக் கோக்கப்பட்டன என்று தெரிந்தது.

இப்போது கணினி வந்துவிட்டது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் வாரனும் அவர் குழுவும் கேப்பிடல் எழுத்துகளைப் படப் படமாக வெட்டி, நேராக்கி, மை வேறுபாட்டைத் தள்ளிவிட்டு ஒப்பிட வைத்தார்கள். கணினி ஜோடிகளை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும், தீர்ப்பு மனிதக் கண்ணுடையது. 'அரியோபஜிட்டிகா'வை அச்சடித்தவர்கள் என்று 2020-ல் அவர்கள் சொன்ன பெயர்கள்: மேத்யூ சிம்மன்ஸ், தாமஸ் பெயின். (இந்தப் பெயின் நூற்று முப்பது வருஷம் கழித்து அமெரிக்கப் புரட்சிக்கு எழுதியவர் அல்ல.) நியாயமான பெயர்கள்தான். மில்டனின் 1643 மணவிலக்குப் பிரசுரத்தில் 'டி.பி., எம்.எஸ்.' என்று முதலெழுத்துகள் ஏற்கெனவே இருக்கின்றன.

இதில் அலுப்பான வேலை புகைப்படம் எடுப்பது. பழைய மைக்ரோஃபிலிம் நகல்கள் கறுப்பு அல்லது வெள்ளை என்றே காட்டும், மெல்லிய உடைசல் அதில் காணாமல் போய்விடும். அல்காரிதம் என்றால் பணம் கொட்டுகிறவர்கள், நல்ல கேமராவும் பொறுமையான ஆளும் வேண்டும் என்றால் யோசிக்கிறார்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது என்னத்தைத் தின்னும்?

அதே 1644 நவம்பர் 19, அரசர் சார்லஸின் பிறந்தநாள். லண்டன் வானத்தில் மூன்று சூரியன் தெரிந்தது. அவற்றில் இரண்டு, மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி சுமார் 22 பாகை விலகி உண்டாக்கும் போலிச் சூரியன்கள்தான். வில்லியம் லில்லி என்ற ஜோசியர் அதற்குப் பலன் சொல்லியே ஒரு பிரசுரம் போட்டார். அவர் தன் பெயரை ஒளிக்கவில்லை.

சிம்மன்ஸுக்கும் நல்ல காலம் வந்தது. 1649 ஜனவரி 30-ல் சார்லஸின் தலை விழுந்தது. மன்னரைத் தண்டிப்பது நியாயமே என்ற மில்டனின் பிரசுரம் அடுத்த மாதமே வந்தது. அதன் முகப்பில் 'மேத்யூ சிம்மன்ஸ், பொன்முலாம் சிங்கம், ஆல்டர்ஸ்கேட் தெரு' என்று விலாசத்தோடு அச்சாகியிருக்கிறது. எழுதியவர் பெயர்: ஜே. எம்.