கனடா பி.ஆர். ஃபைல்: எப்ப வரும் என்று தெரியாத மாதங்களை எப்படிக் கடப்பது?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இப்போது எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், "பையனுக்குக் கனடா ஃபைல் போட்டிருக்குதுங்க" என்று ஒருவராவது சொல்லிவிடுகிறார். பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான விண்ணப்பம்தான் அந்த ஃபைல். "எப்பங்க வரும்?" என்று கேட்டால்தான் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.

முதலில், ஃபைல் போட்டாச்சு என்று எந்த நாளைச் சொல்கிறோம்? கன்சல்டன்சியில் முன்பணம் கட்டிய நாளிலிருந்தே பலர் மாதத்தை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். கனடா குடிவரவுத் துறை அந்த நாளை எண்ணுவதே இல்லை. மதிப்பெண் பார்த்து ஆள் எடுக்கும் இணைய முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் புரொஃபைல் போட்டால், அது அழைப்புக்காகக் காத்திருக்கும் பட்டியலில் 12 மாதம் வரை கிடக்கும். அது இன்னும் விண்ணப்பம் ஆகவில்லை. மதிப்பெண் போதுமானதாக இருந்து அழைப்பு வந்தால், 60 நாளுக்குள் எல்லாக் காகிதத்தையும் ஏற்றி பி.ஆர். விண்ணப்பம் போட வேண்டும். குறையில்லாத விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போன நாளில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

அந்தக் கடிகாரத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் இலக்கு, 100 விண்ணப்பத்தில் 80-ஐ 6 மாதத்துக்குள் முடிப்பது. அதாவது ஐந்து பேரில் ஒருவருக்கு 6 மாதம் தாண்டினாலும் இலக்கு தவறியதாக அவர்கள் நினைக்க மாட்டார்கள். நீங்கள் அந்த ஒருவரா, மற்ற நால்வரில் ஒருவரா என்று ஏஜென்டாலும் சொல்ல முடியாது. கனடா மாநிலம் ஒன்றின் வழியாக எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே போடுவது, குடும்ப ஸ்பான்சர் எல்லாம் வேறு வேறு வரிசை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்த மாதத்தை வைத்து உங்களுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காத்திருக்கும்போதே காகிதங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதி ஆவதுதான் பெரிய தலைவலி. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 2 வருடம், படிப்பு மதிப்பீட்டுச் சான்றுக்கு 5 வருடம் ஆயுள். விண்ணப்பம் போடும் நாளில் இரண்டும் உயிரோடு இருந்தால் போதும், அதற்கப்புறம் கவலை இல்லை. மருத்துவப் பரிசோதனை அப்படி இல்லை. அதன் ஆயுள் 12 மாதம்தான். ஃபைல் அதைத் தாண்டி இழுத்தால், மறுபடி எடுக்கச் சொல்லலாம். சொன்னால் எடுங்கள், நீங்களாக ஓட வேண்டாம். போலீஸ் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே 500 ரூபாய் கட்டி வாங்கலாம். ஆனால் விண்ணப்பம் போடும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். கடந்த 10 வருடத்தில் துபாயிலோ மஸ்கட்டிலோ தொடர்ந்து 6 மாதம் இருந்திருந்தால், அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். அதை இங்கிருந்து வாங்க நாளாகும்.

எங்கள் மாப்பிள்ளை திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் தேதியை மறக்காத ஆள். அவரே மகளின் பாஸ்போர்ட்டைக் கோட்டை விட்டார். நம்முடையது 10 வருடத்துக்கு இருப்பதால் குழந்தையுடையதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார். குழந்தைகளுக்கு 5 வருடம்தான். பாஸ்போர்ட் முடியும் தேதிக்கு மேல் பி.ஆர். விசா தர மாட்டார்கள். அவசரமாகப் புதுப்பித்து, புது எண்ணைத் துறையின் இணையப் படிவம் வழியாக அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுச் சமையலறைத் தினசரி காலண்டரில், மெடிக்கல், பாஸ்போர்ட் முடியும் தேதிகளுக்கு முன்னாலேயே சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கும். எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அந்தக் காலண்டர் நன்றாகவே வேலை செய்கிறது.

பணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் பக்கம் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். அங்கே போய்க் குடியேறும் செலவுக்குக் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியது செட்டில்மென்ட் பணம். தோட்டம், வீடு, நகை எவ்வளவு இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. கடன் வாங்கிக் காட்டவும் கூடாது. வங்கிக் கடிதத்தில் கடைசி 6 மாதச் சராசரி இருப்பையும், பாக்கிக் கடனையும் கேட்பார்கள். திடீரென்று அப்பா 15 லட்சம் போட்டால், அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தானப்பத்திரமோ கிரையப் பத்திரமோ காட்ட வேண்டியிருக்கும். விண்ணப்பம் போன பிறகு அந்தப் பணத்தை எடுத்துச் சித்தப்பா மகள் சீருக்குக் கொடுத்துவிட்டு, "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விடுவதும் நடக்கிறது. விசா தரும் நாள்வரை பணம் இருக்க வேண்டும் என்பது விதி. முறையான வேலை அழைப்பும் அங்கே வேலை பார்க்கும் அனுமதியும் உள்ளவர்களுக்கும், கனடாவில் ஏற்கெனவே வேலை பார்த்தவர்களுக்கான கனடா அனுபவப் பிரிவில் போட்டவர்களுக்கும் மட்டும் இந்த நிபந்தனை கிடையாது.

காத்திருக்கும்போது குழந்தை பிறந்தாலோ கல்யாணம் நடந்தாலோ உடனே தெரிவித்தே ஆக வேண்டும். "சொன்னால் ஃபைல் இன்னும் லேட் ஆகும்" என்று மறைக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அங்கே போய் இறங்குவதற்குள் சொல்லாமல் விட்ட மனைவியையோ குழந்தையையோ, பிற்பாடு ஸ்பான்சர் செய்து அழைப்பதையே சட்டம் தடுக்கிறது. சில மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய், குழந்தையை இங்கேயே விட்டுப் போக வேண்டி வரும்.

6 மாதம் தாண்டிவிட்டது, நிலவரப் பக்கத்தில் அசைவே இல்லை என்றால், இணையப் படிவத்தில் சுருக்கமாக ஒருமுறை கேளுங்கள். வாராவாரம் கேட்பதால் ஃபைல் முன்னே போகாது. அதற்கும் உருப்படியான பதில் இல்லையென்றால், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் உங்கள் ஒப்புதலோடு தகவல் சட்டத்தில் 5 டாலர் கட்டி, உங்கள் ஃபைலில் அதிகாரி எழுதிய குறிப்புகளை வாங்கித் தரலாம். பின்னணிச் சோதனையில் நிற்கிறதா, ஏதோ காகிதத்துக்காக நிற்கிறதா என்பது அதில் தெரியும்.

பணம் கொடுத்தால் சீக்கிரம் எடுத்துத் தருகிறோம் என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு கட்டணமே கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காக விண்ணப்பிப்பவர் கனடா வழக்கறிஞராகவோ, அங்குள்ள குடிவரவு ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பான ஆலோசகர் கல்லூரியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் சரிபார்க்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, வேலையை எப்போது விடுவது, தோட்டத்தை எப்போது குத்தகைக்கு விடுவது? பாஸ்போர்ட் கேட்டுக் கடிதம் வந்தாலும் பொறுங்கள். நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) உறுதிப் பத்திரம் கைக்கு வந்து, அதில் உள்ள பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். குழந்தைக்கு ஜூனில் பள்ளிக் கட்டணத்தை முழு வருடத்துக்கும் கட்டாமல், தவணையாகக் கட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பத்திரத்தில் ஒரு கடைசித் தேதி இருக்கும். பெரும்பாலும் அது மெடிக்கலோ பாஸ்போர்ட்டோ எது முந்தி முடிகிறதோ அந்தத் தேதியாகவே இருக்கும். அதை நீட்டித்துத் தர மாட்டார்கள். சில வீடுகளில் பத்திரம் வந்த நாளிலிருந்து கிளம்ப இரண்டு மாதம்கூடக் கிடைக்காமல் போவது இதனால்தான்.