நான்கு பேய்களும் ஒரு மனப்பாடமும்

பாக்-மேன் ஒரு பழைய வீடியோ கேம். சந்து சந்தான பாதைக்குள் உருண்டைகளைத் தின்றுகொண்டே ஓடும் மஞ்சள் வாய்தான் பாக்-மேன், அதை நான்கு பேய்கள் துரத்தும். ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், நான்கு பேய்களும் பேசிவைத்துக்கொண்டு மடக்குகின்றன என்பார்கள். ஒன்று பின்னாலேயே விரட்டும். இன்னொன்று முன்னால் வந்து வழி மறிக்கும். மூன்றாவது எங்கிருந்தோ குறுக்கே பாயும். நான்காவது கிட்டத்தில் வந்துவிட்டு, என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விடும்.

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1980-இல் வெளியிட்ட அந்த ஆர்கேடு பெட்டியை, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் பெட்டியைத் திறந்தால், சதி செய்கிற அளவுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது. நொடிக்குச் சுமார் 30 லட்சம் துடிப்பில் ஓடும் ஒரு இசட்-80 சில்லு, 16 கிலோபைட் நிரல், அவ்வளவுதான். இன்று வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற ஒரு 'காலை வணக்கம்' படம்கூட அதைவிடப் பெரியது. அந்த இடத்துக்குள் பேய்களுக்கு மூளை வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு சின்னக் கணக்குதான் வைக்க முடியும்.

இதை வடிவமைத்த டோரு இவாட்டானிக்கு அப்போது வயது இருபதுகளில்தான் இருந்தது. அந்தக் காலத்து ஆர்கேடு கடைகளில் எங்கு பார்த்தாலும் விண்கலங்களைச் சுடும் ஆட்டங்கள், சுற்றிலும் இளைஞர் கூட்டம். பெண்களும் ஜோடிகளும் வந்து ஆடுகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். அதனால்தான் சுடுவதற்குப் பதிலாகத் தின்பது. அதனால்தான் பேய்கள்கூட பயமுறுத்தாமல், பெரிய கண்களோடு பொம்மைப் படம் போல இருக்கின்றன. நான்கும் ஒரே மாதிரி துரத்தினால் வரிசையாகப் பின்னால் வரும், சலித்துவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் கொடுத்தார். அந்தச் சுபாவத்தை நிரலாக எழுதியவர் ஷிகியோ ஃபுனாகி.

சரி, அந்தக் கணக்கு என்ன?

திரையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அகலம் 28 கட்டம், உயரம் 36 கட்டம், ஒவ்வொன்றும் 8-க்கு 8 பிக்சல். ஒவ்வொரு பேய்க்கும் எந்த நேரத்திலும் ஒரு 'இலக்குக் கட்டம்' இருக்கும். சந்திக்கு வரும்போது, திறந்திருக்கும் ஒவ்வொரு வழியிலும் அடுத்த கட்டத்தில் நின்றால் இலக்குக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கும். குறைந்த தூரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பும். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மேலே, இடது, கீழே, வலது என்ற வரிசையில் முதலில் வருவதை எடுக்கும். வந்த வழியே திரும்பிப் போகக்கூடாது என்பது இன்னொரு விதி.

அந்தத் தூரம் நேர்கோட்டுத் தூரம். நடுவில் சுவர் இருக்கிறதா, அந்த வழி சுற்றிக்கொண்டு எங்கே போய் முடியும் என்பதெல்லாம் பேய்க்குத் தெரியாது. அடுத்த ஒரு கட்டத்தைத் தாண்டி அது எதையும் முன்கூட்டிப் பார்ப்பதில்லை. பக்கத்துச் சந்தில் நீங்கள் நிற்கும்போதே தப்பான பக்கம் திரும்பி, ஊரைச் சுற்றி வருவது அதனால்தான்.

நான்கு பேய்களுக்கும் திரும்புகிற விதி ஒன்றுதான். மாறுவது இலக்கு மட்டும். சிவப்புப் பேய் பிளிங்கிக்குப் பாக்-மேன் நிற்கிற கட்டமே இலக்கு, அதனால் அது பின்னால் விரட்டுவதாகத் தெரிகிறது. இளஞ்சிவப்புப் பிங்கிக்கு, பாக்-மேன் பார்த்துக்கொண்டிருக்கும் திசையில் நான்கு கட்டம் தள்ளி இலக்கு. வழி மறிப்பது போலத் தெரிவது இதுதான். ஆரஞ்சு நிறக் கிளைட் எட்டுக் கட்டத்துக்கு அப்பால் இருக்கும்போது பிளிங்கி மாதிரியே துரத்தும். அதற்குள் வந்துவிட்டால் இலக்கு இடது கீழ் மூலைக்கு மாறிவிடும், அங்கே போகத் திரும்பும். தூரம் கூடியதும் மறுபடி துரத்தும். பயந்தாங்கொள்ளி என்று அதற்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரே ஒரு 'இருந்தால்-இல்லாவிட்டால்' வரி.

நீல நிற இங்கிதான் கொஞ்சம் வில்லங்கம். பாக்-மேனுக்கு இரண்டு கட்டம் முன்னால் ஒரு இடத்தைக் குறித்துக்கொள்ளும். பிளிங்கி இருக்கும் இடத்திலிருந்து அந்தக் குறிக்கு ஒரு கோடு இழுத்து, அதே நீளத்துக்கு அப்பாலும் நீட்டும். கோடு முடியும் இடம்தான் இலக்கு. பிளிங்கி தொலைவில் இருந்தால் இங்கி எங்கேயோ சம்பந்தமில்லாமல் திரியும். பிளிங்கி உங்களை நெருங்க நெருங்க, இங்கியின் இலக்கும் உங்கள் மறுபக்கத்தில் நெருங்கி வரும். நான்கில் இன்னொரு பேய் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது இது ஒன்றுதான். 'கூட்டுச் சதி' என்று நமக்குத் தோன்றுவதில் பாதி இந்தக் கூட்டல் கழித்தலில் இருந்து வருவது.

இதில் ஒரு பிழையும் இருக்கிறது. பாக்-மேன் மேல்நோக்கிப் போகும்போது பிங்கியின் இலக்கு நான்கு கட்டம் மேலே மட்டும் போகாமல், நான்கு கட்டம் இடதுபுறமும் நகர்ந்துவிடும். இடவலக் கணக்கையும் மேல்கீழ்க் கணக்கையும் இரண்டு பைட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே எண்ணாகக் கூட்டியதால் ஒன்று மற்றொன்றுக்குள் வழிந்துவிட்ட பிழை இது. இங்கிக்கும் இதே கோளாறு, இரண்டு கட்ட அளவில். நல்ல ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் நிரலைப் பார்க்காமலே விரல் நுனியில் தெரிந்து வைத்திருந்தார்கள். பிங்கி எதிரே வந்தால் ஓடாமல் அதன் முகத்துக்கு நேராகப் போவது அவர்களது இன்னொரு வித்தை. இடைவெளி மூன்று கட்டம்தான் என்றால் 'உங்களுக்கு நான்கு கட்டம் முன்னால்' என்பது பிங்கியின் முதுகுக்குப் பின்னால் விழும். அது திரும்பி ஓட முடியாது. பக்கத்தில் ஒரு சந்து இருந்தால் அதற்குள் நழுவிவிடுவது உண்டு. பார்க்கிறவர்களுக்குப் பேயை மிரட்டி விரட்டியது போல இருக்கும்.

பேய்கள் சதா துரத்திக்கொண்டும் இருப்பதில்லை. முதல் நிலையில் 7 நொடி அவரவர் மூலைக்குக் கலைந்து போகும், 20 நொடி துரத்தும். மறுபடி 7, 20, பிறகு 5, 20, கடைசியாக ஒரு 5. அதற்கப்புறம் ஓயாத துரத்தல். கலைவதும் துரத்துவதும் மாறும் நொடியில் எல்லாப் பேயும், அந்தத் திரும்பக்கூடாத விதியை மீறி, சட்டென்று வந்த வழியே திரும்பும். அந்த மூச்சுவிடும் இடைவெளி இல்லாவிட்டால் ஆட்டம் கொடுமையாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. பெரிய உருண்டையைத் தின்றதும் பேய்கள் நீலமாகிக் கண்டபடி ஓடுமே, அதுகூட உண்மையில் கண்டபடி இல்லை. குலுக்கல் போலத் தெரிந்தாலும் கணக்குப் போட்டே உருவாகும் போலிக் குலுக்கல் எண் ஒன்று திசையைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நிலையின் தொடக்கத்திலும் அந்த எண் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஆக, நீங்கள் நேற்று ஜாய்ஸ்டிக்கை அசைத்தது போலவே இன்றும் அசைத்தால், பேய்களும் நேற்று போன அதே வழியில் அச்சு மாறாமல் போகும்.

அமெரிக்க ஆர்கேடு கடைகளில் இது வெகு சீக்கிரம் தெரிந்துபோனது. இந்த நிலைக்கு இந்த வழி என்று படம் போட்டுக் காட்டும் புத்தகங்கள் விற்றன. வழியை மனப்பாடம் செய்தவர்கள் ஒரே காசில் மணிக்கணக்கில் ஆடினார்கள், கடைக்காரர்கள் வயிறெரிந்தார்கள். வழி தெரிந்தவர்களை நிறுத்தியது பேய்களே அல்ல, 256-ஆம் நிலைதான். நிலை எண்ணை வைக்க நிரலில் ஒரு பைட் மட்டுமே இருந்தது, அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். எந்த நிலை என்று காட்டத் திரையின் கீழே எத்தனை பழம் வரைவது என்று பார்க்க நிரல் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டும். 255-உடன் ஒன்று கூட்டினால் பைட்டில் மிஞ்சுவது பூஜ்யம். பூஜ்யம் பழம் வரைய வேண்டிய சுற்று, முதலில் ஒன்றைக் கழித்துவிட்டு அப்புறம்தான் முடிந்ததா என்று பார்க்கிறது. அதனால் 256 தடவை வரைந்து தள்ளுகிறது. திரையின் வலது பாதி எழுத்தும் எண்ணும் கிறுக்கலுமாக மூடிப்போகும். நிலையை முடிக்க 244 உருண்டை தின்றாக வேண்டும், திரையிலோ அத்தனை இல்லை. அதுவரை எதையும் தவறவிடாமல் ஆடினால் கிடைக்கும் உச்ச ஸ்கோர் 33,33,360.

வீட்டில் ஆடியவர்களின் கதை வேறு. 1982-இல் அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் பெட்டிக்குப் பாக்-மேன் கேசட் வந்தது. 70 லட்சத்துக்கும் மேல் விற்றது, திட்டும் அதே அளவுக்கு வாங்கியது. டாட் ஃபிரை என்ற நிரலாளரிடம் இருந்தது 4 கிலோபைட் கேசட்டும், 128 பைட் நினைவகமும். பைட்தான், கிலோபைட் இல்லை. தவிர, அந்தப் பெட்டியின் சில்லு ஒரே நேரத்தில் இரண்டு உருவங்களை மட்டும் வரையும்படி செய்யப்பட்டது. ஒன்று பாக்-மேனுக்கு என்றால், நான்கு பேய்களும் மிச்சமிருக்கும் ஒன்றைப் பங்குபோட வேண்டும். ஒரு திரைக்கு ஒரு பேய் என்று மாறி மாறிக் காட்டினார். நொடிக்கு 60 திரை என்பதால் ஒவ்வொரு பேயும் 15 தடவை எட்டிப் பார்க்கும். அதனால் மினுக் மினுக்கென்று மங்கலாகத் தெரிந்தது. பழத்துக்குப் பதில் ஒரு சதுரம், உருண்டைக்குப் பதில் கோடு, சத்தமும் வேறு. கடையில் பார்த்ததை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். எனக்கு ஃபிரை மீது கோபம் வரவில்லை. 128 பைட்டில் அதை ஓட வைத்ததே பெரிய காரியம்.

மனப்பாடத்துக்கு மருந்து அதே ஆண்டில் வந்தது. எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தொடங்கிய ஜெனரல் கம்ப்யூட்டர் நிறுவனம், பாக்-மேன் பெட்டியில் செருகும் கூடுதல் மின்சுற்றுப் பலகையாகச் செய்ததுதான் பின்னால் மிஸ் பாக்-மேன் ஆனது. அதில் நான்கு விதமான பாதைகள், ஊர்ந்து போகும் பழங்கள், முக்கியமாக, தொடக்கத்தில் பேய்களின் நடையில் கொஞ்சம் உண்மையான தற்செயல். நேற்றைய வழி இன்று உதவாது.

முப்பது வருடம் கழித்து வேறு வகை ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட் 2015-இல் ஒரே கற்றல் நிரலை 49 அட்டாரி ஆட்டங்களில் இறக்கிவிட்டது. நிரலுக்கு விதிகளைச் சொல்லவில்லை, திரையும் ஸ்கோரும் மட்டும் கொடுத்தார்கள். அப்போதும் மினுக்கல் தொல்லை விடவில்லை. ஒரு திரையில் இருக்கும் உருவம் அடுத்த திரையில் காணாமல் போவதால், அடுத்தடுத்த இரண்டு திரைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு பிக்சலிலும் எது அதிகப் பிரகாசமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1982-இல் வீட்டுப் பிள்ளைகளின் கண்ணை உறுத்திய அதே மாறி மாறிக் காட்டும் தந்திரம்தான் இங்கேயும் தொல்லை.

பந்தை அடித்துச் செங்கல் உடைக்கும் பிரேக்அவுட்டில் அந்த நிரல் மனிதரைப் பல மடங்கு மிஞ்சியது. மிஸ் பாக்-மேனில் மண்ணைக் கவ்வியது. சோதனைக்கு ஆடிய மனிதர் சுமார் 15,700 எடுத்த இடத்தில் அது எடுத்தது சராசரியாக 2,300. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். செங்கல் ஆட்டத்தில் கவனிக்க ஒரே பந்து. இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட உருண்டைகள், நான்கு பேய்கள், பழம், நீலமாகிப் பழைய நிறத்துக்குத் திரும்பப்போகும் பேய். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். எல்லா இழுப்பையும் சேர்த்து 'இந்தத் திரை எவ்வளவு நல்லது' என்று ஒரே எண்ணாகக் கற்கச் சொன்னால், அது வரக்கூடிய திரைகளின் எண்ணிக்கையிலேயே மூழ்கிவிடுகிறது.

2017-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய மான்ட்ரியல் நிறுவனமான மாலூபா இதை வேறு விதமாகப் பிரித்தது. 150-க்கும் மேற்பட்ட சிறு முகவர்கள், அதாவது தனித்தனிக் குட்டி நிரல்கள். ஒருவருக்குக் கவலை ஒரே ஒரு உருண்டை, இன்னொருவருக்கு ஒரே ஒரு பேய். அவரவர் விருப்பத்தை அவரவர் சொல்ல, மேலே ஒரு மேலாளர் முடிவெடுப்பார். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் வேலைக்கு ஆகாது. நூறு பேர் உருண்டைக்காக வலது என்று கேட்டாலும், அங்கே பேய் இருக்கிறது என்று மூன்று பேர் அலறினால் மூவர் பேச்சுதான் எடுபடும். இந்த அணி அட்டாரி மிஸ் பாக்-மேனில் காட்டக்கூடிய உச்ச ஸ்கோரான 9,99,990-ஐத் தொட்டது. செய்திகளில் பெரிதாக வந்தது.

செய்திகளில் அவ்வளவாக வராத ஒரு விவரம் ஆய்வுக் கட்டுரையிலேயே இருக்கிறது. சோதனைக்குப் பயன்பட்டது நிஜ அட்டாரி அல்ல, கணினியில் அதைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலிப் பெட்டி. அது, ஒரே தொடக்கம், ஒரே அசைவு என்றால் எப்போதும் ஒரே ஆட்டத்தைத்தான் தரும். கடைப் பெட்டியில் இருந்த தற்செயல் அங்கே இல்லை. மாலூபா குழு தங்கள் நிரலுக்கு ஒரு நினைவுப் பகுதியையும் கொடுத்திருந்தது. ஒரு நிலையை வெற்றிகரமாக முடித்த அசைவுகளைக் குறித்துவைத்து, அடுத்த முறை அப்படியே ஒப்பிக்கும். அந்தப் பெரிய எண்ணை எட்டியது இந்த நினைவோடு சேர்ந்துதான். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்கப் பையன்கள் புத்தகத்தைப் பார்த்துச் செய்ததும் இதைத்தான். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன், அவர்களே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் 'இயந்திரம் பாக்-மேனைக் கற்றுக்கொண்டது' என்று தலைப்புப் போடும்முன் ஒரு முறை யோசிக்கலாம்.

மறு வருடமே ஆய்வாளர்கள் சோதனைப் பெட்டிக்கு ஒரு புது விதியைப் பரிந்துரைத்தார்கள். நிரல் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும், நூற்றுக்கு 25 தடவை பெட்டி அதைக் கேட்காமல் முந்தைய அசைவையே இன்னொரு முறை செய்யும். வேண்டுமென்றே ஜாய்ஸ்டிக்கைச் சற்றுப் பழுதாக்குவது. ஒப்பித்த வழி சில நொடிகளில் பிசகிவிடும், அப்புறம் பேய் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆட வேண்டும். இன்று அட்டாரி ஆட்டங்களில் ஸ்கோர் அறிவிக்கும் பல ஆய்வுகள் இந்த விதியை வைத்துத்தான் ஆடுகின்றன.