கசக்கும் சுரைக்காய் மருந்தாகாது

இந்தப் புரட்டாசியில் மட்டும் இவர் மூன்றாவது நோயாளி. ஐம்பது வயதைக் கடந்தவர், சர்க்கரை நோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவர். விடியற்காலை நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு உழவர் சந்தைக்குப் போய், பனி ஈரம் காயாத பிஞ்சுச் சுரைக்காய் ஒன்றை வாங்கி வந்து, சாறு பிழிந்து வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் அடக்க முடியாத வாந்தியும் தொடங்கி, மூன்றாவது வாந்தியில் இரத்தம் வந்துவிட்டது. எங்களிடம் கொண்டுவந்தபோது இரத்த அழுத்தம் 80/50. “கசந்துச்சு டாக்டர். கசந்தா சர்க்கரைக்கு நல்லதுதானேன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிட்டேன்” என்றார்.

அவருடைய மனைவி மீதிக் காயை ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தார். வெளிர்பச்சைத் தோல், வெள்ளை வெளேரென்ற சதை, முற்றாத விதை. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மெல்லிய சீவல் ஒன்றை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். இரண்டு முறை வாய் கொப்பளித்த பிறகும் அந்தக் கசப்பு நெடுநேரம் தொண்டையில் நின்றது. இதையா ஒரு டம்ளர் குடித்தார் என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது.

கசப்பு என்றாலே மருந்து என்ற நம்பிக்கைதான் இந்த மூவரையும் படுக்கையில் கிடத்தியது. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வற்றலும் பாகற்காய்ப் பொரியலும் உண்டு வளர்ந்த நமக்கு அந்த நம்பிக்கை வருவது இயல்புதான். ஆனால் பாகற்காய்க்குக் கசப்பு அதன் பிறவிக் குணம். சுரைக்காய்க்குக் கசப்பு ஓர் அபாய அறிவிப்பு. வேலியோரம் தானாகப் படரும் பேய்ச்சுரையை நம் முன்னோர் உண்ணாமல் ஒதுக்கியதற்குக் காரணம் அந்தக் கசப்பே. கசக்காத காய்களிலிருந்து மட்டும் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வந்ததால்தான் நமக்கு நாட்டுச் சுரை கிடைத்தது. அந்தக் காயில் கசப்பு திரும்பி வருகிறது என்றால், குக்கர்பிட்டசின் என்ற நச்சுப்பொருள் அதில் கூடிவிட்டது என்று பொருள். பேய்ச்சுரையோடு மகரந்தம் கலந்த விதையாலும் இப்படி நேரலாம். கடும் வெயில், தண்ணீர்ப் பற்றாக்குறை போன்றவற்றால் கொடி வாடினாலும் நேரலாம். வெள்ளரி, பீர்க்கு, புடலை, பூசணி ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். ‘இயற்கை முறையில் விளைந்ததுதானே’ என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்த நஞ்சும் இயற்கை தந்ததுதான். எத்தனை முறை கழுவினாலும் இது போகாது.

சமைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. 2015ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்பான சுகினி என்ற பூசணி இனக் காயைச் சமைத்து உண்ட 79 வயது முதியவர் உயிரிழந்தார். நம் நாட்டிலும் சுரைக்காய்ச் சாற்றால் ஏற்பட்ட மரணங்களுக்குப் பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு இதை ஆராய்ந்து 2012இல் அறிக்கையே வெளியிட்டது. இந்த நச்சுக்கு மாற்று மருந்து கிடையாது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, இரைப்பைப் புண் ஆறும் வரை தாங்கிப் பிடிப்பது மட்டுமே எங்களால் முடிந்த சிகிச்சை. என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: திடீர் வாந்தியோடு வருபவரின் சீட்டில் ‘உணவு நஞ்சாதல்’ என்று எழுதி முடிப்பதற்கு முன், காலையில் என்ன சாறு குடித்தார் என்று தயவுசெய்து கேளுங்கள்.

காயை நறுக்கியவுடன் காம்புப் பக்கத்தில் ஒரு சீவல், அடிப்பக்கத்தில் ஒரு சீவல் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் துப்பிவிட்டு, முழுக் காயையும் தூக்கி எறியுங்கள். இருபது ரூபாய்க் காய் வீணாகிறதே என்று உப்பில் ஊற வைக்க வேண்டாம், நுனியைத் தேய்த்து நுரை எடுக்க வேண்டாம், வெல்லம் போட்டு ஒப்பேற்ற வேண்டாம். சாற்றில் இஞ்சியும் எலுமிச்சையும் தேனும் சேர்த்தால், நம்மை எச்சரிக்க வேண்டிய சுவையே மறைந்துவிடும். என்னைக் கேட்டால் சாறே வேண்டாம். கூட்டு கசந்தால் முதல் கவளத்திலேயே வீட்டில் எல்லோரும் முகம் சுளித்துத் தட்டைத் தள்ளிவிடுவார்கள். சாற்றை மருந்தென்று ஒரே மூச்சில் குடிப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குடித்துவிட்டு வயிறு புரட்டினால் மோர் குடித்துப் படுத்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், மிச்சக் காயையும் எடுத்து வாருங்கள்.

இதைப் படித்துவிட்டுச் சுரைக்காயையே ஒதுக்கிவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆடிப்பட்டத்தில் ஊன்றிய கொடிகள் காய்க்கும் பருவம் இது. நகம் வைத்தால் எளிதில் பதிகிற, பூனை முடி உதிராத பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். சுவைத்துப் பார்த்த பிறகு, அரைக் கிலோ காய்க்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை மஞ்சள்தூளோடு மலர வேக வைத்து, தோல் சீவி நறுக்கிய காயைச் சேர்த்து மூடுங்கள். தண்ணீர் அதிகம் வேண்டாம், காயே விட்டுக்கொள்ளும். தேங்காய், சீரகம், ஒரு பச்சை மிளகாய் அரைத்து ஊற்றி, உப்பிட்டு ஒரு கொதியில் இறக்கி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் கூட்டு தயார். சர்க்கரை நோயாளி சோற்றைக் குறைத்துக்கொண்டு இதைத் தாராளமாகப் போட்டுச் சாப்பிடலாம்.

வாங்கிய காய் கசந்திருந்தால், விற்ற விவசாயியிடம் மறுநாளே போய்ச் சொல்லுங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட நாளிலிருந்து, விளைவித்தவரையே நேரில் பார்த்து வாங்கும் வசதி நமக்கு இருக்கிறது. சண்டை போட வேண்டியதில்லை. அவருக்கும் தெரிந்து நடந்ததல்ல. எந்தக் கொடியில் காய்த்தது என்று அவரால் கண்டுபிடிக்க முடிந்தால், அதைப் பிடுங்கிவிட்டு, அடுத்த பட்டத்துக்கு அதிலிருந்து விதை எடுக்காமல் விட்டுவிடுவார்.