ஆறு பேர், ஆறு வாரம்: அதிகம் பேசாதவர்களுக்காகத் தொழில் தொடங்குமுன்

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, பழைய தமிழ்த் தெருக்களில் சில வீடுகளில் இன்னும் திண்ணை மிச்சமிருக்கிறது. திண்ணையில் இருப்பவர் வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்பதில்லை. இரண்டு பேரும் தெருவைப் பார்க்கலாம். பேச்சு வந்தால் வரும். எழுந்து உள்ளே போகக் காரணம் சொல்ல வேண்டாம். அமைதியானவர்களுக்கு நட்பு அமைத்துத் தருகிறோம் என்று ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்கள் இதை மறந்துவிட்டு, முன்பின் தெரியாத நாற்பது பேரை ஒரு கஃபேயில் கூட்டி, கையில் மைக் கொடுத்து, "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்கிறார்கள். யாருக்காகத் தொடங்கினார்களோ அவர்கள் மறுவாரம் வருவதில்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

இளைஞர்கள் தங்களை 'இன்ட்ரோவெர்ட்' என்று சொல்லிக்கொள்ளும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யூங் 1921-இல் எழுதிய நூலால் பரவிய அந்தச் சொல் ஓர் இயல்பைக் குறிக்கிறது, நோயை அல்ல. கூட்டத்தில் இருந்துவிட்டு வந்தால் களைப்பு, அவ்வளவுதான். கூச்சம் வேறு: பழக ஆசை உண்டு, தயக்கம் தடுக்கிறது. மூன்றாவது சமூக அச்சம். அது சிகிச்சை தேவைப்படுகிற நிலை. பதிவுப் படிவத்தில் ஒரே கேள்வி போதும்: "போய் வந்தபின் களைப்பா, போவதற்கு முன்பே பயமா?" அந்தப் பயத்தால் மாதக்கணக்கில் கல்லூரியோ வேலையோ கெடுகிறது என்பவரைக் குழுவில் சேர்த்துச் சோதனை செய்யக் கூடாது. மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) எல்லாப் படிவத்தின் அடியிலும் அச்சிடுங்கள்; தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி கணக்கு. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹாலின் ஆய்வுப்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும். நெருங்கிய நட்புக்கு 200 மணிக்கு மேல். வாரா வாரம் புது முகங்களைக் காட்டுகிற செயலி இந்தக் கடிகாரத்தை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவைக்கிறது. அதனால் அதே ஆட்கள், அதே இடம், அதே நேரம். ஆறு பேர் சரியான அளவு. ஒரே பேச்சில் நான்கு பேருக்கு மேல் நிலைப்பது கடினம். ஆறு என்றால் தானாகவே மூன்று மூன்றாகப் பிரிவார்கள், இருவர் வராவிட்டாலும் நால்வர் இருப்பார்கள். ஆறு வாரம், வாரம் இரண்டு மணி: மொத்தம் 12 மணி நேரம். ஐம்பதுக்கு இது எந்த மூலைக்கு? மீதி 38 மணியை அவர்களே நம்மை விட்டுவிட்டுச் சந்தித்துக் கழிக்கும் அளவுக்குக் கொண்டுவிடுவதுதான் தொழில்.

இங்கேதான் கொள்கை சோதிக்கப்படுகிறது. மாதச் சந்தா வாங்கினால், வாடிக்கையாளருக்கு நண்பர்கள் கிடைத்த மாதமே வருமானம் போகிறது. சுவரில் எவ்வளவு நல்ல வாசகம் எழுதினாலும், அந்தக் கம்பெனி மெல்ல மெல்லத் தனிமையை நீட்டிக்கிற பக்கம் சாயும். ஆறு வாரச் சுற்று ஒன்றுக்கு ஒரே கட்டணம் என்பது நேர்மையான வழி. மாதிரிக்கு: தலைக்கு 1,200 ரூபாய் என்றால் ஆறு பேருக்கு 7,200. சந்திப்பை நடத்துகிறவருக்கு, அதாவது நடத்துநருக்கு, வாரம் 500 வீதம் 3,000. இடத்துக்கு 200 வீதம் 1,200. நடத்துநரையும் சேர்த்து வாரம் ஏழு டீ, 15 ரூபாய் வீதம், 630. பணப் பரிமாற்றக் கட்டணம் இரண்டு சதவீதம் 144. மிச்சம் 2,226 ரூபாய். இதில் உங்கள் சம்பளம் இல்லை என்பதைப் பலர் ஓராண்டு கழித்துத்தான் கவனிக்கிறார்கள். இலவசமாக நடத்தலாம் என்றும் தோன்றும். வேண்டாம், இலவசம் என்றால் கடைசி நேரத்தில் வராமல் இருப்பது எளிது. பத்து மடங்கு வளர்ச்சி கேட்கிற முதலீட்டாளருக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. லாபத்தைப் பங்கிட மாட்டோம் என்று உறுதியாக இருந்தால் கம்பெனிச் சட்டம் 2013-இன் 8ஆம் பிரிவில் பதியலாம். டிவிடெண்டை அந்தச் சட்டமே தடுக்கிறது.

சந்திப்பில் எதிரெதிரே உட்காரவைக்காதீர்கள். கைக்கும் கண்ணுக்கும் வேலை கொடுங்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. விடிகாலை ஆறு மணிக்கு இரண்டிரண்டு பேராக நடக்கலாம். சனி, ஞாயிறு மாலை அந்தப் பக்கமே வேண்டாம், வெளியூர்க் கூட்டம். குளிர்காலத்தில் ஊசுட்டேரியில் பறவை பார்ப்பது இன்னும் நல்லது: பேசாமலிருப்பதுதான் அங்கே மரியாதை. கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், கூரையுள்ள மாற்று இடம் முன்பே பேசிவைக்க வேண்டும். "மழையால் ரத்து" என்ற ஒரு செய்தியில் குழு கலைந்துபோகும்.

இரண்டு நாள் முன்பு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: எங்கே, எந்த வாசல், எத்தனை பேர், என்ன செய்வோம், எத்தனை மணிக்கு முடியும், நடுவில் சொல்லாமல் கிளம்பலாம். முடியும் நேரம் தெரியாததுதான் பாதிப் பதற்றம். சொன்ன நேரத்தில் முடித்தும் விடுங்கள். கடலூர் பஸ் பிடிக்க வேண்டியவர் தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை வரக்கூடாது. ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் என்று அமைக்காதீர்கள். குறைந்தது இருவர், இல்லாவிட்டால் தனிக்குழு. முதல் நாளே வாட்ஸ்அப் குழு தொடங்குவது பெரிய தவறு: ஆறு பேரின் எண்ணும் ஆறு பேருக்கும் போய்விடுகிறது, அன்றிரவே யாரோ ஒருவருக்குத் தனிச்செய்தி வரும். மூன்றாம் வாரம், எல்லோரும் தனித்தனியாகச் சம்மதித்தபின் தொடங்கலாம்.

படிவத்தில் சேகரிக்கிற குண விவரங்களும் தனிநபர் தரவுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். 18 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் சம்மதத்தைச் சரிபார்க்க வேண்டும். சுற்று முடிந்ததும் பதில்களை அழித்துவிடுங்கள்.

செயலியை எத்தனை முறை திறந்தார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். தொண்ணூறாம் நாள் ஒரே கேள்வி: "நாங்கள் ஏற்பாடு செய்யாமல் குழுவில் யாரையாவது சந்தித்தீர்களா?" ஆறில் இரண்டு பேராவது ஆம் என்றால் அந்தச் சுற்று பலித்தது. யாருமே சொல்லாவிட்டால் பெரும்பாலும் காரணம் இடம் அல்லது நேரம், ஆட்கள் அல்ல. அடுத்த சுற்றில் அதை மாற்றிப் பாருங்கள். ஆம் என்று சொன்ன குழுவின் வாட்ஸ்அப்பில் இருந்து நடத்துநர் அன்றே வெளியேறிவிட வேண்டும்.